மேட்டூர் முன்னதாகத் திறந்த ஆண்டு: டெல்டாவில் ஒரு ஜப்பானியத் துணை நிறுவனம் அமைந்த விதம்

நான் கும்பகோணத்தில் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறேன். 2022இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் தஞ்சாவூரில் துணை நிறுவனம் தொடங்கியபோது பதிவு வேலை முழுவதையும் நான்தான் பார்த்தேன். கட்சிக்காரரின் அனுமதியோடு, ஆட்களையும் நிறுவனங்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நான் செய்த தவறுகளையும் மறைக்கவில்லை.

பின்னணி

அந்த நிறுவனம் நெல் உலர்த்தும் மெஷின் செய்கிறது. அங்கே மூன்று தலைமுறையாக நடக்கும் நடுத்தர அளவுக் கம்பெனி. இந்தியாவில் ஒரு விநியோகஸ்தர் மூலம் சில வருடங்களாக விற்றுவந்தார்கள். வருடத்துக்கு நாலைந்து மெஷின் போகும். பழுதானால் பார்க்க ஆளில்லை என்று ஆலைக்காரர்கள் நேரே ஜப்பானுக்கே மின்னஞ்சல் போட ஆரம்பித்த பிறகுதான், சொந்தமாக இங்கே ஒரு கம்பெனி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

ஏன் டெல்டா என்று கேட்டால் காரணம் எளிது. குறுவை அறுவடை மழையில் மாட்டுவது இங்கே வாடிக்கை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை அதிகமானால் மாநிலம் கேட்டு மத்திய அரசு தளர்த்தும், ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நெல் ரோட்டில்தான் கிடக்கும். நம் நெடுஞ்சாலைகளின் ஒரு பக்கம் வருடா வருடம் களமாக மாறுவதைப் பார்க்காதவர் இல்லை.

முதல் சந்திப்பு 2022 ஜனவரி கடைசியில், சம்பா அறுவடை நடக்கும்போது. ஜப்பானிலிருந்து வந்த மேலாளரிடம் ஆடுதுறை 27 ரகத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜிஇபி 24 ரகத்தையும் இணைத்து 1960களில் ஆடுதுறையில் வெளியிட்ட குறுகிய கால ரகம் அது. குறுவையில் நன்றாக விளைந்தது, ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதியது. ஈர நெல்லை என்ன செய்வது என்ற ஆராய்ச்சியே இங்கே அதையொட்டித்தான் சூடு பிடித்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படியென்றால் இது எங்கள் கடன்" என்றார். மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் பேச்சுதான் சென்னையா தஞ்சாவூரா என்ற கேள்வியை முடித்தது என்று நினைக்கிறேன்.

எந்த வடிவம்: 2022 பிப்ரவரி

வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே முக்கியமாக நாலு வழி உண்டு: தொடர்பு அலுவலகம், கிளை அலுவலகம், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை), தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம். தொடர்பு அலுவலகம் சம்பாதிக்கக் கூடாது, எனவே அது உடனே விழுந்தது. கிளையைத்தான் ஜப்பானில் விரும்பினார்கள், நிர்வாகம் எளிது என்று. ஆனால் கிளை நேரடியாக உற்பத்தியில் இறங்க முடியாது. வரியும் வெளிநாட்டுக் கம்பெனிக்குரிய விகிதத்தில் போகும், அப்போது அது 40 சதவீதம் (இப்போது 35). இந்தியாவில் பதிவான கம்பெனி சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 22 சதவீதமும் கூடுதல் வரிகளும்தான். எதிர்காலத்தில் இங்கேயே பாகங்களைப் பொருத்தும் எண்ணம் இருந்ததால் தனியார் நிறுவனம் என்று நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இடையில் இன்னொரு குழப்பம். சென்னையில் யாரோ ஓர் ஆலோசகர், "டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், அங்கே தொழிலே தொடங்க முடியாது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அது தடுப்பது எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் போன்றவற்றை. நெல் உலர்த்துவதை அல்ல. இதை எழுத்தில் கேட்டார்கள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது ஜப்பானில் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி, எல்லோரும் முத்திரை குத்தித் திரும்ப மூன்று வாரம் ஆனது. அவர்களுடைய முடிவுகள் எல்லாமே இப்படிச் சுற்றுக்கு விட்டுத்தான் வரும் என்பதை அப்போதே என் காலண்டரில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

யாரிடம் விற்பது

இதுதான் இந்த வழக்கில் அதிகம் யோசித்த இடம். வழக்கமாக யாரும் கவனிக்காத இடமும் இதுதான்.

இறக்குமதி செய்த மெஷினை விவசாயியிடம் நேராக விற்றால் அது சில்லறை வணிகம். ஒரே பிராண்டை விற்கும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு 51 சதவீதத்தைத் தாண்டினால், கொள்முதலில் 30 சதவீதம் இந்தியாவில் வாங்க வேண்டும். எல்லா மெஷினும் ஜப்பானிலிருந்து வரும் நிலையில் அது நடக்காது. மொத்த வணிகத்துக்கு அந்தத் தடை இல்லை, 100 சதவீதம் தானியங்கி வழியிலேயே, அதாவது அரசின் முன் அனுமதி இல்லாமலே, வரலாம். ஆனால் மொத்த வணிகம் என்றால் அளவு பெரிது என்று அர்த்தமில்லை, வாங்குபவர் யார் என்பதே கணக்கு. வரிப் பதிவோ வணிக உரிமமோ உள்ளவராக இருக்க வேண்டும், அல்லது பதிவுச் சான்றுள்ள கம்பெனியோ சங்கமோ தன் உபயோகத்துக்கு வாங்க வேண்டும். நீடாமங்கலத்தில் அஞ்சு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதில் எதிலும் அடங்கமாட்டார்.

எனவே தொழிலை இரண்டாகப் பிரித்தோம். மெஷின் விற்பது அரிசி ஆலைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும். தனி விவசாயிக்கு விற்பனை இல்லை. அவர் நெல்லைக் கொண்டுவந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு உலர்த்திக் கொடுப்பது, அது சேவை. நிறுவன நோக்கங்களை எழுதும்போதே இரண்டையும் தனித்தனியாக எழுதினேன். விற்பனைப் பிரிவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். விவசாயிதானே வாடிக்கையாளர், அவரிடமே விற்கக் கூடாதா என்று. கேள்வி நியாயம்தான்.

காகிதங்கள்: மார்ச் முதல் ஜூன் வரை

இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர், அதில் ஒருவர் நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியவர். இவ்வளவுதான் சட்டம் கேட்பது. தாய் நிறுவனம் ஒரு பங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தது. அந்த ஒரு பங்கு தாய் நிறுவனத்தின் சார்பில் அங்குள்ள ஓர் அதிகாரி பெயரில். உள்ளூர் இயக்குநராகப் பழைய விநியோகஸ்தரைப் போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். பழைய கணக்கு வழக்கு தீராத ஆளைப் புதுக் கம்பெனியின் கையெழுத்துக்காரராக்கக் கூடாது. என்னையும் கேட்டார்கள், மறுத்தேன். கடைசியில் வேளாண் பொறியியல் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். நல்ல தேர்வு.

ஜப்பான் ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடு, எனவே நோட்டரியும் அப்போஸ்டில் என்ற அரசுச் சான்றும் போதும், தூதரகம் வரை போக வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில். அவர்களுக்குக் கையெழுத்து என்பது பழக்கமில்லாத விஷயம், முத்திரைதான் எல்லாம். இயக்குநர் பாஸ்போர்ட்டில் ஜப்பானிய எழுத்தில் கையெழுத்திட்டிருந்தார், படிவத்தில் ஆங்கில எழுத்தில் போட்டார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. நிறுவனப் பதிவுச் சான்று ஜப்பானிய மொழியில். அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு மறுபடி நோட்டரி. ஒரு மாதம் போனது.

தஞ்சாவூரில் பதிவு அலுவலகமாக எடுத்த வீட்டில் அதைவிட எளிய ஒரு முடிச்சு. மின்கட்டண ரசீது வீட்டுக்காரரின் காலமான தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. டெல்டாவில் பாதி வீடுகள் அப்படித்தான். பெயர் மாற்றக் காத்திருக்காமல், சொத்துவரி ரசீது பேரன் பெயரில் இருந்த பக்கத்துத் தெரு வீட்டுக்கு மாறினோம். கடைசியில் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையத்திலிருந்து சான்றிதழ் வந்தது ஜூன் நடுவில்.

அதற்குள் வெளியே ஒன்று நடந்துவிட்டது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். அந்த ஆண்டு நீர் இருப்பு நன்றாக இருந்ததால் மே 24இலேயே திறந்தார்கள். நாற்றங்கால் முன்னதாக விழுந்தது, குறுவை நடவு முன்னதாக முடிந்தது, அறுவடையும் முன்னதாக வரப்போகிறது. எங்கள் திட்டத்தில் முதல் மெஷின் அக்டோபரில் இறங்குவதாக இருந்தது. பேப்பரில் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன், நம் வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பணம் வந்தது, கணக்கு திறக்கவில்லை

பதிவோடு வங்கிக் கணக்கு எண்ணும் வந்துவிடும். எண் வந்ததைக் கணக்கு திறந்ததாக எடுத்துக்கொண்டது முதல் பிழை. தாய் நிறுவனத்தின் பின்னால் இருக்கும் கடைசி உரிமையாளர் யார் என்று அறிவிக்கும் காகிதங்கள் முடியும்வரை கிளை அதை இயங்கவிடவில்லை. மூன்று தலைமுறைக் குடும்பத்தில் பங்குகள் சித்தப்பா, அத்தை என்று பிரிந்து கிடந்தன. அதைப் படம் போட்டு விளக்கவே பத்து நாள்.

ஜூலை இறுதியில் மூலதனம் 50 லட்சம் அனுப்பினார்கள். வழியில் இடை வங்கிகள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டதால் சில ஆயிரம் ரூபாய் குறைவாக வந்து சேர்ந்தது. சில ஆயிரம்தானே என்று விட முடியாது, பங்குக்கு முழுப் பணம் வரவில்லை என்றாகும். மறுபடி ஒரு சிறு தொகை அனுப்பச் சொன்னேன். அந்தச் சிறு தொகைக்கும் ஜப்பானில் அதே சுற்றுத் தாள். எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் என்று முதலிலேயே வங்கிக்குச் சொல்லியிருந்தால் இந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

பங்கு ஒதுக்கியதை 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் தளத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு, அனுப்பியவர் யார் என்று ஜப்பானில் உள்ள வங்கி சான்று தர வேண்டும். உள்ளூர்க் கிளைக்கு இந்த வேலை புதிது, நல்ல மனிதர்கள், ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நான் வெளிநாட்டு முதலீடு அடிக்கடி கையாளும் சென்னைக் கிளை ஒன்றைப் பரிந்துரைத்திருக்கலாம். உள்ளூரிலேயே இருக்கட்டும் என்று கட்சிக்காரர் ஆசைப்பட்டார், நானும் தலையாட்டினேன். அறிக்கை போனது நவம்பரில். தாமதக் கட்டணம் எட்டாயிரம் ரூபாய்க்குள்தான் வந்தது. பணம் பெரிதில்லை, ஆனால் கம்பெனியின் முதல் அறிக்கையே தாமதம் என்ற பதிவு என்றைக்கும் நிற்கும்.

மெஷின் துறைமுகத்தில், நெல் ரோட்டில்

இதற்கிடையில் ஜப்பானில் உற்பத்திப் பிரிவு தன் கால அட்டவணைப்படி மெஷினைக் கப்பலேற்றிவிட்டது. அறுவடை முன்னதாக வருகிறது என்று உள்ளூர் இயக்குநர் சொன்னதும் அவசரப்பட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. எடுக்க முடியவில்லை. இறக்குமதி ஏற்றுமதி எண் வாங்க இயங்கும் வங்கிக் கணக்கு வேண்டும், கணக்கோ இன்னும் பாதி உறக்கத்தில். எண் கிடைத்த பிறகு சுங்கத்துறையில் இன்னொரு கேள்வி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே குடும்பக் கம்பெனி, எனவே விலை உண்மையானதுதானா என்று சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவு விசாரிக்கும். இது எல்லாத் துணை நிறுவனத்துக்கும் வருவதுதான். கேள்வித்தாளுக்கான பதிலை முன்பே தயாராக வைத்திருக்கலாம், நாங்கள் வைத்திருக்கவில்லை.

தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பும் அப்போது தாக்கலாகவில்லை. பதிவான 180 நாளுக்குள் போட வேண்டியது, முழு மூலதனமும் வந்த பிறகுதான் போட முடியும், போடும்வரை தொழில் செய்யக் கூடாது. விற்பனைக்குரிய மெஷினை அதற்கு முன் வரவழைப்பதே சரியா என்ற கேள்வி இருக்கிறது. கப்பல் கிளம்பும் முன் என்னிடம் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காமல் கிளம்பும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதும் உண்மை.

செப்டம்பரில் அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கின. எங்கள் உலர்த்தி கண்டெய்னர் முற்றத்தில் தினவாடகை ஏற்றிக்கொண்டு நின்றது. ஒரு நாள் காலை வல்லம் பைபாஸில் நெல் காய்வதைப் போட்டோ எடுத்து, உள்ளூர் இயக்குநர் வாட்ஸாப்பில் போட்டார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மாலைக்குள் ஜப்பானிலிருந்து அனைத்து ஒப்புதலும் வந்துவிட்டது. அதுவரை மூன்று வாரம் எடுத்தவர்கள்.

நிலம்

நிலக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஜூனிலிருந்தே ஓடியது.

உலர்த்தும் நிலையம் வைக்க மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் பார்த்திருந்தார்கள். ரோட்டடி, பக்கத்திலேயே கொள்முதல் நிலையம். பட்டா சுத்தம், 30 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. நஞ்சை நிலம், எனவே வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஆட்சியர் வரை போக வேண்டும், அதற்கும் தயாராகவே இருந்தார்கள். என்னைக் கேட்காமல் இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

நான் ஒரு நாள் இடத்தைப் பார்க்கப் போனேன். எதிரே டீக்கடை. "இந்த இடத்தையா வாங்குறீங்க?" என்றார் கடைக்காரப் பெரியவர். ஆமாம் என்றேன். "தம்பி, அது கோயில் கட்டளை நிலம். எங்க அப்பா காலத்துல இதுல விளைஞ்ச நெல்லுலதான் அர்த்தசாமப் பூசைக்கு அரிசி போகும்." விற்பவரின் பங்காளிகூட இதைச் சொல்லவில்லை.

கிராமத்து நில விவரங்கள் இருக்கும் 'அ' பதிவேட்டின் பழைய பக்கத்தைப் பார்த்தபோது பெரியவர் சொன்னது சரி. இடையில் ஒரு குத்தகைதாரர் பெயருக்குப் பட்டா மாறியிருந்தது, எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அறநிலையத் துறைச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. சார்பதிவாளரும் பதிய மாட்டார். பதிந்தாலும் நாளை செல்லாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும், 100 வருடத்துக்கு முந்தைய கட்டளையைக் காட்டாது. டெல்டாவில் நிலம் பார்க்கிறவர்கள் கோயிலையும் மடத்தையும் மனதில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், இங்கே நல்ல நஞ்சையில் கணிசமான பகுதி அவர்களுடையது.

விட்டுவிடுவது என்று அன்றே முடிவானது. முன்பணத்தில் ஒரு லட்சம் திரும்பி வந்தது, மீதி இன்னும் பேச்சில் இருக்கிறது. மாற்றாக உள்ளூர் இயக்குநர்தான் ஒரு யோசனை சொன்னார்: மூடிக் கிடக்கும் அரிசி ஆலையை வாடகைக்கு எடுப்போம். கட்டடம் இருக்கிறது, மும்முனை மின்சாரம் இருக்கிறது, சிமெண்ட் களம் இருக்கிறது, நில மாற்றமே வேண்டாம். திருவாரூர் ரோட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் சொந்த நிலம், புதுக் கட்டடம் என்று நாங்களே கற்பனை செய்திருந்தோம். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு நடந்தது

தொழில் தொடக்க அறிவிப்பு டிசம்பர் முதல் வாரத்தில், கெடு முடிய சில நாள் இருக்கும்போது தாக்கலானது. மெஷின் 2023 ஜனவரியில் ஆலையில் பொருத்தப்பட்டது. ஜப்பானில் அது மண்ணெண்ணெயில் ஓடும். இங்கே அது கட்டுப்படியாகாது என்று உமி அடுப்போடு இணைத்தார்கள். வேகமாகக் காய வைத்தால் அரிசி உடையும் என்று அவர்கள் பொறியாளர் பிடிவாதமாக மெதுவாகத்தான் ஓட்டினார். ஆரம்பத்தில் வந்த விவசாயிகள் இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை. சம்பா தாளடி அறுவடைக்கு நின்ற நேரம், டெல்டா முழுவதும் கதிர் சாய்ந்து கிடந்தது. அந்தப் பத்து நாளும் ஆலை இரவு பகலாக ஓடியது. வாசலில் டிராக்டர் வரிசை. கொள்ளளவு போதாமல் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை, முதல் ஆண்டுக் கணக்கு நஷ்டத்தில்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கோடைக்குள் இரண்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மெஷின் வாங்கக் கேட்டு எழுதின.

மறுபடி செய்தால்

முதலில் மேட்டூரையும் அறுவடையையும் காலண்டரில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பதிவுத் தேதிகளை வைப்பேன். இந்த முறை சட்டம் சொன்ன 30, 60, 180 நாட்களை மட்டும் குறித்திருந்தேன். கம்பெனிச் சட்டத்துக்கும் காவிரிக்கும் ஒன்றையொன்று தெரியாது, இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது என் வேலையாக இருந்தது.

நிலத்தைக் கடைசி வேலையாக அல்ல, முதல் வேலையாகப் பார்ப்பேன், அதுவும் பத்திரத்துக்கு முன் ஊரில் கேட்டு. வங்கியை ஊர்ப்பாசத்தில் தேர்ந்தெடுக்க மாட்டேன். உள்ளூர் இயக்குநர் ஒரு குறிப்பிட்ட தொகைவரை தானே செலவு செய்யலாம் என்று முதல் இயக்குநர் கூட்டத்திலேயே தீர்மானம் போடச் சொல்வேன். இங்கே நில அளவைக்கு 18,000 ரூபாய் கட்டவும் கடல் தாண்டி ஒப்புதல் வாங்கினோம். தஞ்சாவூரிலேயே நெல் பதனத்தில் பெயர் பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உமி அடுப்பு விஷயத்தில் முதல் நாளே அவர்களிடம் போகாதது ஏன் என்று இப்போது யாருக்கும் பதில் தெரியவில்லை.

வடிவத்தையும் தொழில் பிரிப்பையும் மாற்ற மாட்டேன். விவசாயியிடம் நேராக விற்க முடியாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் உற்பத்தி செய்தால் அந்தத் தடை விலகும், தன் பொருளை யாரிடமும் விற்கலாம். சட்டகமும் உமி அடுப்பும் இங்கேயே செய்து, மோட்டாரும் உணர்கருவியும் மட்டும் வரவழைத்தால் அது உற்பத்தியா, வெறும் பொருத்துவதா என்று ஜப்பானிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.